நெட் ரன் ரேட் என்னும் சிதம்பர ரகசியம்: 201 ரன் கணக்கில் சிஎஸ்கே கோட்டை விட்டது எங்கே?

"எத்தனை ரன்னுக்குள்ள தோத்தா போதும்?"

2024 மே 18, சனிக்கிழமை. அன்று மாலை சென்னை சூப்பர் கிங்ஸ் ரசிகர்களின் வாட்ஸ்அப் குரூப்களில் ஓடிய கேள்வி இதுதான். ஜெயிப்போமா, தோற்போமா என்று கேட்கவில்லை. எவ்வளவு குறைவாகத் தோற்கலாம் என்று கேட்டார்கள். கடலூர் மஞ்சக்குப்பத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவருக்கும், சிதம்பரம் கீழ வீதியில் கடையை மூடிக்கொண்டிருந்தவருக்கும், பெங்களூருவில் ஐடி வேலைக்குப் போய் பிஜியில் தங்கியிருக்கும் அந்த ஊர்ப் பையன்களுக்கும் பதில் ஒன்றுதான்: 17 ரன்.

17 ரன் வரை தோற்றால் பிளே ஆஃப். 18 ரன்னில் தோற்றால் வீடு.

கடைசியில் சிஎஸ்கே தோற்றது 27 ரன்னில். பிளே ஆஃப் வாய்ப்பு போனதோ 10 ரன்னில். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே இருப்பதுதான் நெட் ரன் ரேட். பாதி ரசிகர்களுக்கு அது இன்றைக்கும் சிதம்பர ரகசியம்தான். "அது என்னமோ கணக்கு மச்சான், கிரிக்இன்ஃபோல போட்ருவான்" என்று விட்டுவிடுவார்கள். திரையை விலக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பது வெறும் கூட்டலும் வகுத்தலும்தான். ஆனால் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் வேறு ஒரு விஷயம் தெரிகிறது. யாஷ் தயாளின் கடைசி ஓவரில் போனதாக நாம் நினைக்கிற பிளே ஆஃப், உண்மையில் பதினேழு நாள் முன்பே சேப்பாக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

ஒரு மேட்ச்சுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

மே மாதம் நடுவில் கடலூர் மாவட்டம் ஏற்கெனவே ஒரு எண்ணிக்கைக்காகக் காத்திருந்தது. ஏப்ரல் 19-ம் தேதி மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டாயிற்று. முடிவோ ஜூன் 4-ம் தேதிதான். கடலூர், சிதம்பரம் இரண்டு தொகுதிகளிலும் பெட்டி பூட்டியே கிடந்தது. (ஓட்டுப் போட்ட அதே ஏப்ரல் 19 ராத்திரி லக்னோவில் சிஎஸ்கே 8 விக்கெட்டில் தோற்றது. விரல் மை காயும் முன்பே வந்த முதல் சோகம் அது.)

கிரிக்கெட் எண்ணிக்கையில் பதற்றம் கூடியதற்குக் காரணம் உண்டு. அந்த வருடம் இரண்டாவது குவாலிஃபையர் மே 24, இறுதிப் போட்டி மே 26. இரண்டுமே சேப்பாக்கத்தில். கடலூரிலிருந்தும் சிதம்பரத்திலிருந்தும் சென்னை நான்கைந்து மணி நேரப் பயணம். திருப்பாதிரிப்புலியூரில் ரயில் ஏறினாலும் சரி, பாண்டிச்சேரி வழியாக பஸ் பிடித்தாலும் சரி, காலையில் கிளம்பினால் டாஸுக்கு முன்னால் போய்விடலாம். சொந்த மண்ணில் சிஎஸ்கே இறுதிப் போட்டி ஆடும் வாய்ப்பு எல்லா வருடமும் வருவதில்லை.

அதைவிடப் பெரிய காரணம் தோனி. மார்ச் 21-ம் தேதி, சீசன் தொடங்குவதற்கு முதல் நாள், கேப்டன் பதவியை ருதுராஜ் கெய்க்வாட்டிடம் கொடுத்துவிட்டார். தன் கடைசி டி20 சென்னையில்தான் இருக்கும் என்று நம்புவதாக 2021-லேயே சொல்லியிருந்தார். மே 12 அன்று ராஜஸ்தானுடன் நடந்த கடைசி உள்ளூர் லீக் மேட்ச் முடிந்ததும் அணியே மைதானத்தைச் சுற்றி வந்து ரசிகர்களுக்கு நன்றி சொன்னது. 'இதான் கடைசியா?' என்ற கேள்வி அன்றைக்கே தொண்டையில் அடைத்துக்கொண்டது. பெங்களூருவில் தகுதி பெற்றுவிட்டால், அப்புறம் ஒரு ஜெயமோ இரண்டு ஜெயமோ, தல மறுபடி சேப்பாக்கத்துக்கு வருவார். இல்லையென்றால் சின்னசாமி மைதானமே கடைசி மைதானமாகிவிடலாம். (அப்படி ஆகவில்லை, 2025-லும் வந்தார். ஆனால் அன்று இரவு அது யாருக்கும் தெரியாது.)

தோனி மீதான இந்த ஊர்க்காரர்களின் பிரியம் வேறு ரகம். 2020 அக்டோபரில், திட்டக்குடி பக்கத்தில் ஒரு கிராமத்தில், ஒரு ரசிகர் தன் வீட்டையே மஞ்சள் பெயின்ட் அடித்து, சுவரில் தோனியை வரைந்து, 'தோனி ரசிகரின் இல்லம்' என்று எழுதினார். இந்தியா முழுக்க அந்தப் போட்டோ சுற்றியது. இதில் கவனிக்க வேண்டியது தேதி. சிஎஸ்கே வரலாற்றிலேயே முதல்முறையாக பிளே ஆஃப் போகாமல் ஏழாவது இடத்தில் முடித்த சீசன் அது. டீம் மூழ்கிக்கொண்டிருந்த அதே மாதத்தில்தான் அந்த வீடு மஞ்சளானது.

18 ரன் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

மே 18 காலையில் நிலவரம் இதுதான். கொல்கத்தா, ராஜஸ்தான், ஹைதராபாத் மூன்றும் உள்ளே போய்விட்டன. மிச்சம் ஒரு சீட். சிஎஸ்கே 13 ஆட்டத்தில் 14 புள்ளி, நெட் ரன் ரேட் 0.528. ஆர்சிபி 13 ஆட்டத்தில் 12 புள்ளி, நெட் ரன் ரேட் 0.387.

ஆர்சிபியைப் பற்றி ஒரு வரி சொல்லியே ஆக வேண்டும். முதல் எட்டு ஆட்டத்தில் ஏழு தோல்வி. ஏப்ரல் கடைசி வாரம் வரை அந்த டீமை வைத்து மீம் போடாத சிஎஸ்கே ரசிகர் கிடையாது. பிறகு வரிசையாக ஐந்து வெற்றி. மீம் போட்டவர்களே மே மாதம் கால்குலேட்டரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டி வந்தது.

சிஎஸ்கே ஜெயித்தால் பிரச்சினை இல்லை. மழையில் ஆட்டம் ரத்தானாலும் ஒரு புள்ளி கிடைத்து 15 ஆகிவிடும், அதுவும் போதும். ஆர்சிபி ஜெயித்தால் இரண்டு டீமுக்கும் 14 புள்ளி. அப்போது நெட் ரன் ரேட் யாருக்கு அதிகமோ அவர்களுக்கு சீட். முதலில் பேட் செய்து 200 ரன் பக்கம் அடித்தால் 18 ரன் வித்தியாசம், சேஸ் செய்தால் 11 பந்து மீதம். ஆர்சிபிக்கு வேண்டியது அவ்வளவே.

அன்று பெங்களூருவில் மழைக்கு வாய்ப்பு என்று வானிலை அறிக்கையும் சொன்னது. இங்கே ஒரு வேடிக்கை. கடலூர்க்காரர்களுக்கு மழை, புயல் என்றாலே வயிற்றைக் கலக்கும். 2011 டிசம்பரில் தானே புயல் பலா, முந்திரி தோப்புகளை என்ன செய்தது என்று பார்த்த மாவட்டம் இது. அந்த ஊர் ஆட்கள் கத்திரி வெயிலில் உட்கார்ந்துகொண்டு, முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு மாநிலத்தின் தலைநகருக்கு மழை வேண்டும் என்று போனில் ரேடார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழையும் வந்தது. ஆர்சிபி மூன்று ஓவரில் 31 ரன் எடுத்திருந்தபோது ஆட்டம் நின்றது. கொஞ்ச நேரத்தில் விட்டுவிட்டது. ஒரு ஓவர்கூடக் குறையவில்லை. சின்னசாமியில் புல்லுக்கு அடியில் தண்ணீரை உறிஞ்சும் குழாய் அமைப்பு இருக்கிறது. நாட்டிலேயே சீக்கிரம் காயும் மைதானங்களில் அது ஒன்று. மழையை நம்பியவர்கள் இதை முன்பே யோசித்திருக்கலாம்.

கணக்கு எப்படிப் போடுவது?

நெட் ரன் ரேட் ரொம்ப சிம்பிள். சீசன் முழுக்க ஒரு டீம் அடித்த மொத்த ரன்னை, அது ஆடிய மொத்த ஓவரால் வகுக்க வேண்டும். அதே மாதிரி, அது கொடுத்த மொத்த ரன்னை, அது வீசிய மொத்த ஓவரால் வகுக்க வேண்டும். முதல் விடையிலிருந்து இரண்டாவது விடையைக் கழித்தால் முடிந்தது. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் தனியாகப் போட்டு சராசரி எடுப்பதில்லை. எல்லாவற்றையும் ஒரே உண்டியலில் கொட்டித்தான் எண்ணுகிறார்கள்.

2024-ல் சிஎஸ்கேயின் 14 ஆட்டங்களையும் கூட்டினால் இப்படி வருகிறது. அடித்தது 274.4 ஓவரில் 2,524 ரன், அதாவது ஓவருக்கு 9.189. கொடுத்தது 274.3 ஓவரில் 2,415 ரன், அதாவது ஓவருக்கு 8.798. வித்தியாசம் 0.39. புள்ளிப்பட்டியலில் இருப்பது 0.392. ஆர்சிபி முடித்தது 0.459. இடைவெளி 0.067.

இரண்டு நுணுக்கங்கள் இருக்கின்றன. ஓவர் கணக்கில் 274.4 என்பது தசம எண் இல்லை. 274 ஓவரும் 4 பந்தும். ஆறில் நான்கு என்று மாற்றி 274.67 என்றுதான் வகுக்க வேண்டும். கால்குலேட்டரில் அப்படியே 274.4 என்று தட்டினால் விடை தப்பாகத்தான் வரும், குரூப்பில் சண்டையும் வரும். இன்னொன்று, ஒரு டீம் ஆல் அவுட் ஆனால் எத்தனை ஓவரில் சுருண்டாலும் 20 ஓவர் ஆடியதாகவே கணக்கு. ஏப்ரல் 28 அன்று சேப்பாக்கத்தில் ஹைதராபாத் 18.5 ஓவரில் 134 ரன்னுக்குச் சுருண்டபோது, வீசாத அந்த 7 பந்துகளும் சிஎஸ்கே கணக்கில் இலவசமாகச் சேர்ந்தன. 78 ரன்னில் ஜெயித்த அந்த ஒரே இரவுதான் சிஎஸ்கேயின் 0.39-ல் சுமார் 0.28-ஐக் கொடுத்தது. மிச்ச 13 ஆட்டமும் சேர்ந்து கொடுத்தது 0.11.

இப்போது 201-க்கு வருவோம். ஆர்சிபி 218 அடித்துவிட்டது. விராட் கோலி 47, டு பிளெசிஸ் 54, ரஜத் பட்டிதார் 41, கேமரூன் கிரீன் ஆட்டமிழக்காமல் 38. ஜெயிக்க 219. தோற்றாலும் தகுதி பெற 201.

ஏன் சரியாக 201? கடைசி மேட்ச்சில் சிஎஸ்கே கூடுதலாக ஒரு ரன் அடித்தால், அந்த ஒரு ரன்னை 274.67-ஆல் வகுக்க வேண்டும். அதாவது 0.0036. அதே ரன்னை ஆர்சிபி கொடுத்ததாகவும் எழுதுவார்கள் என்பதால் அவர்களுக்கும் கிட்டத்தட்ட 0.0036 குறையும். ஆக ஒரு ரன்னுக்கு இடைவெளி சுமார் 0.0073 சுருங்கும். சிஎஸ்கே நின்றது 191-ல். இடைவெளி 0.067. ஒன்பது ரன் கூடுதலாக அடித்திருந்தால் 0.0655 சுருங்கியிருக்கும், போதாது. பத்து ரன் அடித்திருந்தால் 0.073, தாண்டியிருக்கும். 191-உம் 10-உம் 201. இதில் ஒரு ரகசியமும் இல்லை.

கடைசி ஆறு பந்து

முதல் பந்திலேயே கெய்க்வாட் அவுட். ரச்சின் ரவீந்திரா 61, ரஹானே 33. பதினைந்து ஓவரில் ஆறு விக்கெட்டுக்கு 129 ரன். டிவியை ஆஃப் பண்ணலாம் என்ற நிலையில் தோனியும் ஜடேஜாவும் சேர்ந்தார்கள். கடைசி இரண்டு ஓவரில் 35 வேண்டும் என்றாகி, கடைசி ஓவரில் 17 என்று வந்து நின்றது. ஜெயிக்க அல்ல, தோற்பதற்கு.

யாஷ் தயாளின் முதல் பந்தை தோனி அடித்தார். 110 மீட்டர், மைதானத்துக்கு வெளியே. ஐந்து பந்தில் 11 ரன். 2023 ஏப்ரலில் இதே தயாளைத்தான் ரிங்கு சிங் கடைசி ஓவரில் தொடர்ச்சியாக ஐந்து சிக்ஸர் அடித்தார் என்பது எல்லோருக்கும் ஞாபகம் வந்த நொடி. சிதம்பரத்தில் நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு தெருவே கத்தியிருந்தால் ஆச்சரியமில்லை.

ஆனால் வெளியே போன பந்து திரும்பி வரவில்லை. அதற்குப் பதிலாக வேறு பந்து கொடுத்தார்கள். பனியில் நனைந்து வழுக்கிய பந்து போய், காய்ந்த பந்து தயாள் கைக்கு வந்தது. அந்த சிக்ஸர் வெளியே போனதுதான் தங்களுக்கு நடந்த நல்ல விஷயம் என்று ஆட்டத்துக்குப் பிறகு ஆர்சிபி வீரர் தினேஷ் கார்த்திக்கே சொன்னார். அடுத்த பந்து மெதுவாக வந்தது. தோனி தூக்கி அடித்தார், எல்லைக்கோட்டருகே கேட்ச். 13 பந்தில் 25.

அதற்குப் பிறகு ஷர்துல் தாக்கூருக்கு ஒரு டாட் பால், அடுத்து ஒரு ரன். ஜடேஜாவுக்கு இரண்டு டாட் பால். 22 பந்தில் 42 அடித்தவர் கடைசி இரண்டு பந்தில் மட்டை வீசியும் பந்து படவில்லை. 191.

கோபம் யார் மேல் திரும்பியது என்று சொல்ல வேண்டியதில்லை. தோனி ஏன் முன்னாடி வரல, துபே ஏன் 15 பந்துல 7 ரன், டாஸ் ஜெயிச்சு ஏன் பௌலிங் எடுத்தாங்க. அந்த வாரம் முழுக்க ஆபீஸ் லஞ்ச் டேபிளில் இவைதான் ஓடின. நியாயமான கேள்விகள்தான். ஆனால் எல்லாமே ஒரே ராத்திரியைச் சுற்றி வருகிற கேள்விகள்.

மே 1: யாரும் நினைவில் வைத்திருக்காத 13 பந்து

மே 1-ம் தேதி சேப்பாக்கத்தில் பஞ்சாப் கிங்ஸுடன் ஒரு ஆட்டம். தொழிலாளர் தின விடுமுறை, புதன்கிழமை. சிஎஸ்கே 162 ரன். தீபக் சாஹர் முதல் ஓவரில் இரண்டே பந்து வீசிவிட்டுக் காயத்தோடு வெளியே போனார். பஞ்சாப் 17.5 ஓவரில் 163 அடித்து முடித்துவிட்டது. 13 பந்து மிச்சம்.

அன்றைக்கு யாரும் இந்த 13 பந்தைப் பற்றிப் பேசவில்லை. 'தோத்தாச்சு, விடு' என்று அடுத்த மேட்ச்சுக்குப் போய்விட்டார்கள். இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. சிஎஸ்கே அந்த ஆட்டத்தில் தோற்கவே செய்கிறது. பஞ்சாப் எடுப்பதும் அதே 163 தான். ஆனால் 17.5 ஓவரில் அல்ல, கடைசிப் பந்தில். அப்படியானால் சிஎஸ்கே வீசிய ஓவர் 274.3-லிருந்து 276.4 ஆகும். 2,415-ஐ அதனால் வகுத்தால் 8.729. நெட் ரன் ரேட் 0.460.

ஆர்சிபியின் 0.459-ஐ விட ஒரு மயிரிழை அதிகம்.

அதாவது மே 18 அன்று தோனி அதே பந்தில் அவுட்டாகி, ஜடேஜா அதே இரண்டு பந்தைத் தவறவிட்டு, ஸ்கோர் அதே 191-ல் நின்றிருந்தாலும் சிஎஸ்கே உள்ளே போயிருக்கும். சாத்தியமா என்றால் சந்தேகம்தான், பனி விழும் இரவில் 163-ஐக் கடைசிப் பந்து வரை இழுப்பது லேசில்லை. ஏப்ரல் 5 அன்று ஹைதராபாத்தில் 11 பந்து மிச்சம் வைத்துத் தோற்றது, லக்னோவிடம் இரண்டு முறை சேஸில் தோற்றது என்று இதே மாதிரி இன்னும் சில இடங்களைக் காட்டலாம். தோல்வி உறுதியான பிறகு வீசப்படும் ஓவர்களை டிவியில் யாரும் பார்ப்பதில்லை. நெட் ரன் ரேட்டைப் பொறுத்தவரை அந்த ஓவர்களுக்கும் இறுதி ஓவருக்கும் எடை ஒன்றுதான்.

ரசிகர்களுக்குத்தான் இது புரியவில்லை என்று நினைக்க வேண்டாம். 2023 ஆசியக் கோப்பையில் லாகூரில் இலங்கையுடன் ஆடிய ஆப்கானிஸ்தான், அடுத்த சுற்றுக்குப் போக 292 ரன்னை 37.1 ஓவரில் எடுக்க வேண்டும் என்று ஆடியது. 37.1 ஓவரில் முடியவில்லை, 289-ல் நின்றது. எல்லாம் போச்சு என்று ரஷித் கான் எதிர்முனையில் சோகமாக நிற்க, கடைசி பேட்ஸ்மேன் ஃபரூக்கி பந்துகளைத் தடுத்து ஆடிவிட்டு அவுட்டானார். உண்மையில் 37.4 ஓவருக்குள் 295-ஐத் தொட்டிருந்தாலும் தகுதி பெற்றிருக்கலாம். ஒரே ஒரு சிக்ஸர் போதும். அந்தக் கணக்கு தங்களுக்குச் சொல்லப்படவே இல்லை என்றார் பயிற்சியாளர் ஜோனதன் ட்ராட். சிதம்பரத்தில் சரிபார்க்க ஒரு வாட்ஸ்அப் குரூப்பாவது இருந்தது.

பேஸ்பாலில் என்ன செய்கிறார்கள்?

அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களுக்கும் இதே காய்ச்சல் உண்டு, அவர்களுக்கு அது செப்டம்பரில் வரும். ஒரு டீமுக்கு 162 ஆட்டம். அங்கே ரசிகர்கள் எண்ணுவது 'மேஜிக் நம்பர்'. மொத்த ஆட்டத்தோடு ஒன்றைக் கூட்டி, அதிலிருந்து நம் டீமின் வெற்றிகளையும் எதிரி டீமின் தோல்விகளையும் கழித்தால் வருவது. நாம் ஒரு ஆட்டம் ஜெயித்தாலும் ஒன்று குறையும், அவன் ஒரு ஆட்டம் தோற்றாலும் ஒன்று குறையும். பூஜ்ஜியம் வந்தால் பட்டாசு. அங்கே எத்தனை ரன்னில் ஜெயித்தோம் என்பதற்கு மதிப்பே இல்லை. இரண்டு டீம் சமமாக முடித்தால் முன்பு இன்னொரு ஆட்டம் ஆட வைப்பார்கள். 2022 முதல் அதை எடுத்துவிட்டு, இரண்டு டீமும் நேருக்கு நேர் மோதியதில் யார் அதிகம் ஜெயித்தார்கள் என்று பார்க்கிறார்கள்.

அதுதானே நியாயம் என்று சிஎஸ்கே ரசிகர்கள் கேட்கலாம். 2024-ல் அதுவும் உதவியிருக்காது. மார்ச் 22 தொடக்க ஆட்டத்தில் சேப்பாக்கத்தில் சிஎஸ்கே ஜெயித்தது. மே 18-ல் ஆர்சிபி. ஆளுக்கு ஒன்று.

இதே கணக்கு கொடுத்ததும் உண்டு

நெட் ரன் ரேட்டை இப்போது திட்டுகிறவர்கள் 2010-ஐ மறந்துவிடக் கூடாது. அந்த வருடம் சென்னை, பெங்களூரு, டெல்லி, கொல்கத்தா என்று நான்கு டீம் 14 புள்ளியில் முடித்தன. இருந்ததோ இரண்டு சீட். நெட் ரன் ரேட்டில் சென்னையும் பெங்களூருவும் அரையிறுதிக்குப் போயின, மற்ற இரண்டும் வெளியே. அதற்கு முன்னால் தரம்சாலாவில் ஏப்ரல் 18 அன்று பஞ்சாபுக்கு எதிராக 193 ரன்னைத் துரத்தி, கடைசி ஓவரில் 16 வேண்டிய நிலையில் இர்ஃபான் பதானை தோனி அடித்த அடி இருக்கிறதே, ஜெயித்ததும் தன் ஹெல்மெட்டையே ஒரு குத்து விட்டாரே, அந்த ஆட்டம்தான் அந்த 14-வது புள்ளியைக் கொண்டுவந்தது. ஒரு வாரத்தில் முதல் கோப்பை.

2012-லும் இதே கதை. சிஎஸ்கேயும் ஆர்சிபியும் 17 புள்ளி. தன் ஆட்டங்களை முடித்துவிட்டு சிஎஸ்கே சும்மா உட்கார்ந்திருக்க, ஹைதராபாத்தில் டெக்கான் சார்ஜர்ஸ் ஆர்சிபியை 9 ரன்னில் தோற்கடித்துக் கொடுத்தது. டேல் ஸ்டெய்ன் அன்று 8 ரன் கொடுத்து 3 விக்கெட். புள்ளி சமம், நெட் ரன் ரேட்டில் சிஎஸ்கே உள்ளே. இறுதிப் போட்டி வரைக்கும் போனது. அன்றைக்கு பெங்களூரு ரசிகர் பட்ட பாட்டை 2024-ல் கடலூர் ரசிகர் பட்டார். கணக்கு நேராகிவிட்டது என்று சொன்னால் ஆர்சிபிக்காரர் ஒத்துக்கொள்வார், நம்ம ஆள் ஒத்துக்கொள்ள மாட்டார்.

2024 மே 26 அன்று சேப்பாக்கத்தில் இறுதிப் போட்டி நடந்தது. கொல்கத்தாவும் ஹைதராபாத்தும் ஆடின. ஹைதராபாத் 113-க்குச் சுருண்டது. மஞ்சள் சட்டையோடு போவதற்காக வைத்திருந்த அந்த ஞாயிற்றுக்கிழமையை, இந்தப் பக்கத்தில் பல பேர் சில்வர் பீச்சில் கழித்திருப்பார்கள். நான்கு நாள் முன்பே எலிமினேட்டரில் ராஜஸ்தானிடம் தோற்று ஆர்சிபியும் வெளியே போயிருந்தது. அதில் கொஞ்சம் ஆறுதல் அடைந்தவர்களும் உண்டு.

அடுத்த வருடம் இந்தக் கவலையே வரவில்லை. 2025-ல் சிஎஸ்கேயின் பிளே ஆஃப் வாய்ப்பு முடிந்த நாள் ஏப்ரல் 30. அதே சேப்பாக்கம், அதே பஞ்சாப். சஹால் ஹாட்ரிக் எடுத்தார். பத்து ஆட்டத்தில் இரண்டே வெற்றி. எத்தனை ரன்னுக்குள் தோற்றால் போதும் என்று குரூப்பில் யாரும் கேட்கவில்லை. இன்னும் நான்கு மேட்ச் மிச்சம் இருந்தது.